மதிப்பீட்டு அறையில் அம்மா சொன்ன பதில்கள்

அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்குத் தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்குமா என்பது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுவைக் கொடுக்கும் நாளில் முடிவாவதில்லை. அதற்கு முன்பே, அரசு மருத்துவமனையில் சான்றிதழுக்காக மதிப்பீடு செய்யும் அறையில் அது ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. என் தம்பிக்காக நாங்கள் அலைந்தபோது, எந்தெந்த நகல்கள் வேண்டும் என்று பலரும் சொன்னார்கள்; அந்த அறையில் என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இதே வழியில் போகவிருக்கும் குடும்பங்களுக்காக அதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் எந்த அலுவலகம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கை கால் இயக்கக் குறைபாடு உள்ளவருக்குப் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்க, பாதிப்பு 75 சதவீதமாவது இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதமே போதுமானது. தொகை மாதம் 2,000 ரூபாய். இந்த வரம்புக்குள் வராதவர்கள் வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்குப் போக வேண்டிய இடம் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு. இந்த வேறுபாடு தெரியாமல் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறவர்களை, ஊன்றுகோலுடன் படியேறி வந்தவர்கள் உட்பட, நான் நேரில் பார்த்தேன்.

இனி அந்த அறைக்கு வருகிறேன். மத்திய அரசு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், அறிவுசார் குறைபாட்டின் சதவீதம் ‘வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல்’ என்ற, அன்றாட வேலைகளை ஒருவர் தானாகச் செய்யும் திறனை அளக்கும் மதிப்பீட்டோடு இணைக்கப்பட்டது. அந்த நெறிமுறைகளில் மதிப்பெண் 55 முதல் 69 வரை இருந்தால் பாதிப்பு 50 சதவீதம் என்று வைக்கப்பட்டிருந்தது. 70 முதல் 84 வரை இருந்தால் 25 சதவீதம்தான் என்று இருந்தது. அதாவது, மதிப்பெண்ணில் ஏற்படும் மிகச் சிறிய வித்தியாசம் ஒருவரை உதவித்தொகையின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிடலாம். இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி, உடனிருந்து கவனித்துக்கொள்பவரிடம் கேள்வி கேட்டே செய்யப்படுகிறது. எங்கள் வீட்டில் அவர் அம்மா.

“தம்பி தானா குளிப்பாராம்மா?” என்று உளவியலாளர் கேட்டார். “குளிப்பான் மேடம், ரொம்பச் சுத்தமா இருப்பான்” என்றார் அம்மா. அது பொய்யில்லை. ஆனால் தண்ணீரை விளாவி வைப்பதும், சோப்பைக் கையில் கொடுப்பதும், முதுகைத் தேய் என்று கதவுக்கு வெளியே நின்று சொல்வதும் அம்மாதான். “கடைக்குப் போவாரா?” என்ற கேள்விக்கும் போவான் என்றே பதில் வந்தது. தெருமுனைக் கடைக்காரர் அவனிடமிருந்து சீட்டை வாங்கிப் படித்து, பொருளைப் பையில் போட்டு, மீதியைச் சட்டைப்பையில் வைத்து அனுப்புகிறார். பத்து ரூபாய்த் தாளுக்கும் நூறு ரூபாய்த் தாளுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. உறவினர் வீட்டு விசேஷங்களில் “என் பிள்ளைக்கு என்ன குறை?” என்று ஆண்டுக்கணக்கில் தலைநிமிர்ந்து சொல்லிவந்த ஒரு தாய், முன்பின் தெரியாதவர் முன்னால், மகனும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவனால் முடியாதவற்றை எப்படி வரிசையாகச் சொல்வார்?

அந்த உளவியலாளருக்கு இது புரிந்திருந்தது. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, “நீங்க ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டா தம்பி எப்படிச் சமாளிப்பார்?” என்று கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தண்ணீர் விளாவுவதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

எல்லா அறைகளிலும் இப்படிக் கேட்பவர் இருப்பார் என்று நம்பியிருக்க முடியாது. மதிப்பீட்டு முகாம் நாள்களில் வெளியே காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் உளவியலாளர்களையும் குறை சொல்ல முடியாது. ஆகவே, போவதற்கு முன் ஒரு வாரம், காலையில் எழுவது முதல் இரவு படுப்பது வரை, எதை அவர் தானாகச் செய்கிறார், எதைச் சொன்னால் செய்கிறார், எதை நீங்கள் செய்துவிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இயன்றால் வீட்டிலிருந்து இன்னொருவரும் உடன் செல்லுங்கள். இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. உங்கள் உழைப்பைக் கழித்துவிட்டு அவருடைய திறனைச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். இந்த யோசனைகளை ஒரு பக்கக் குறிப்பாக எளிய தமிழில் அச்சிட்டு, மதிப்பீட்டுக்குத் தேதி கொடுக்கும்போதே குடும்பத்தாரிடம் தர வேண்டும் என்பது அரசிடம் என் வேண்டுகோள்.

அதன்பிறகு வரும் வேலைகள் எளியவை. தனித்துவ அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடும் புகைப்படத்தோடும் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சான்றிதழில் உள்ள சதவீதம் உண்மை நிலைக்குப் பொருந்தவில்லை என்று கருதினால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது. அப்போதும் நீங்கள் ஒரு வாரம் எழுதிய அந்தத் தாளை உடன் எடுத்துச் செல்லுங்கள்.