தோளுக்கு மேலால் பார்ப்பவன்

பள்ளிக்கூட உதைபந்தாட்டம் என்றதும் பழைய மாணவர் எவருக்கும் முதலில் ஞாபகம் வருபவன், 15 வயதுப் பிரிவில் ஆடிய அந்த மீசைக்காரன்தான். எல்லாப் பள்ளியிலும் அப்படி ஒருவன் இருந்தான். பந்தைத் தட்டிவிட்டு ஓடினால் பிடிக்க ஆளில்லை. தோளால் இடித்தால் எதிரணிப் பின்கள வீரன் கோட்டுக்கு வெளியே கிடப்பான். மைதானமே அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். அதே ஆள் 19 வயதுப் பிரிவுக்கு வரும்போது வாங்கில் குந்தியிருப்பான். "தலைக்கனம் ஏறிவிட்டது", "பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை" என்று அப்போது நாம் சொன்ன காரணங்களில் பாதிக்கு மேல் அநியாயம். அவன் பழைய ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

இன்று நம்மில் பலர் 17 வயதுக்கு உட்பட்டோர், 19 வயதுக்கு உட்பட்டோர் சர்வதேச ஆட்டங்களைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். அங்கேயும் நம் கண் அந்த மீசைக்காரனைத்தான் தேடுகிறது. அந்தப் பழக்கத்தை விட்டால் இந்த ஆட்டங்களில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது.

ஆட்டம் தொடங்குமுன் வீரர் பட்டியலை எடுத்துப் பிறந்த திகதிகளைப் பாருங்கள். ஃபிஃபாவின் வயதுக்கணக்கு ஜனவரி 1 இல் தொடங்குகிறது. 2023 இல் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் ஆட, 2006 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவுதான். ஆனால் இடையில் கிட்டத்தட்ட ஒரு முழு வருட வளர்ச்சி. அதனால்தான் இந்த அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருப்பார்கள். நவம்பரில் பிறந்த ஒருவன் ஆரம்பப் பதினொருவரில் நின்றால் அவன் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். தன்னைவிட மூத்தவர்களோடு மல்லுக்கட்டித்தான் அந்த இடத்துக்கு வந்திருக்கிறான். உடம்பு கைகொடுக்காத இடத்தில் வேறு ஏதோ கைகொடுத்திருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடிப்பதே அன்றைய வேலை.

பிறந்த திகதியும் முழுக்கதை சொல்லாது. ஆண்பிள்ளைகள் ஏறக்குறைய 14 வயதில்தான் மிக வேகமாக உயர்கிறார்கள், அந்த ஒரு வருடத்தில் மட்டும் 9, 10 சென்ரிமீற்றர் வரை. ஆனால் அந்தப் பாய்ச்சல் ஒருவனுக்கு 12 இல் வரும், இன்னொருவனுக்கு 16 இல் வரும். முதலில் கால் நீளும், உடல் பின்னால் வரும். அந்த இடைக்காலத்தில் நேற்று வரை காலில் ஒட்டிக்கிடந்த பந்து இன்று இரண்டடி தள்ளிப் போகும், திரும்பும்போது தடுமாறுவான், முழங்காலுக்குக் கீழே வலி என்று ஓரமாக உட்காருவான். இதைத் திறமைக் குறைவென்று எழுதிவைத்தால் பிழை உங்களுடையது. பெல்ஜிய உதைபந்தாட்டச் சம்மேளனம் இப்படிப் பிந்தி வளர்பவர்களுக்கென்றே தனியாக இளையோர் அணி வைத்திருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பாய்ச்சல் ஏறக்குறைய இரண்டு வருடம் முந்தி வந்துவிடுவதால், அவர்களின் 17 வயதுப் பிரிவு ஆட்டத்தில் உடம்பு இந்த அளவுக்குக் கண்ணை ஏமாற்றாது.

இனி ஆட்டம். உட்காருவதற்கு உயரமான வரிசை நல்லது, நடுக்கோட்டுக்கு நேராகவோ கோல் கம்பத்துக்குப் பின்னாலோ. கோட்டோரம் நின்றால் வேகம் தெரியும், இடைவெளி தெரியாது. ஒரு நடுக்கள வீரனைத் தெரிந்தெடுத்து 15 நிமிடம் அவனை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனாலும் கண் அவனை விட்டுப் போகக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் இது சித்திரவதைதான், கூட்டம் கத்தும்போது தலை தானாகத் திரும்பும். பழகிவிட்டால் விட மனம் வராது.

பந்து அவன் காலுக்கு வருவதற்கு முந்திய பத்து விநாடிக்குள் எத்தனை தரம் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்த்தான் என்று எண்ணுங்கள். இதைப் பல வருடமாக ஆராய்ந்துவரும் நோர்வேப் பேராசிரியர் கெயிர் யோர்டெட், அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்கள் பந்தை முன்னோக்கிச் சரியாகக் கொடுப்பது கூடுதல் என்று காட்டியிருக்கிறார். எண்ணிக்கையோடு நேரத்தையும் கவனியுங்கள். கெட்டிக்காரன், மற்ற இருவருக்கிடையில் பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே பார்த்துவிடுவான்; அந்த நொடியில் பந்துக்கு அவன் கண் தேவையில்லை. தன்னை நோக்கிப் பந்து பாதித் தூரம் வந்த பிறகு திரும்பிப் பார்ப்பவன் பந்தையும் கோட்டைவிடுவான், ஆளையும் கோட்டைவிடுவான். சிலர் பயிற்றுநருக்குக் காட்டத் தலையை மட்டும் ஆட்டுவார்கள். உண்மையில் பார்த்தானா என்பதை அடுத்த தொடுகை சொல்லிவிடும். எதிராளி வலப்பக்கமாக நெருங்கும்போது பந்தை வலப்பக்கமே இழுத்தான் என்றால் அவன் எதையும் பார்க்கவில்லை.

பத்துத் தரம் பந்து வாங்கும்வரை குறித்துக்கொண்டால் போதும். தாளில் மூன்று நிரல்: பார்த்தானா, எந்தக் காலால் வாங்கினான், பந்து எந்தப் பக்கம் போனது. உடம்பைப் பாதி திருப்பி, பந்து வரும் திசைக்குத் தூரமாக உள்ள காலால் வாங்குபவனுக்கு முழு மைதானமும் திறந்திருக்கும். கிட்டக் காலால் வாங்குபவன் வந்த வழியே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அதிலும் பிழை இல்லை. பத்தில் எட்டுத் தரம் அதையே செய்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஓரக்களத்து வேகக்காரனிடம்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம், நம்ம மீசைக்காரன் பிறகு போய் நிற்கும் இடமும் அதுதான். முதல் பாதியில் அவன் நாலு தரம் ஆளைக் கடந்ததை எழுத வேண்டாம். பயிற்றுநர் விழித்துக்கொண்டு இரண்டாவது ஆளையும் அவன் பக்கம் அனுப்பிய பிறகு என்ன செய்கிறான்? தலையைத் தூக்கி உள்ளே கொடுத்துவிட்டு மறுபடி ஓடுகிறானா, அதே சுவரில் ஐந்தாம் தரமும் முட்டுகிறானா? முதிர்ந்தோர் ஆட்டத்தில் எல்லாரும் வேகம்தான்.

மையப் பின்கள வீரனில், தலையால் வென்ற பந்துகளை எண்ணாதீர்கள். தன் அணி பந்தைப் பின்னுக்குக் கொடுக்கும்போது அவன் நிற்கும் விதத்தைப் பாருங்கள். இடுப்பைப் பக்கவாட்டில் வைத்து, எந்தப் பக்கமும் ஓடத் தயாராக நிற்பவன் நல்லவன். கோல்காப்பாளர் விடயத்தில் பொறுமை வேண்டும், அவர்கள் பிந்தியே பழுக்கிறார்கள். 17 வயதில் குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போன உயரப் பந்துக்காக ஒருவனைக் கழித்துவிடாதீர்கள். உதை விழும் கணத்தில் அவன் இரண்டு காலும் நிலத்தில் நின்றதா, பந்து எதிரணிப் பக்கம் இருக்கும்போது கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் முன்னுக்கு வந்து நிற்கிறான், இந்த இரண்டும் உயரத்தோடு சம்பந்தப்பட்டவை அல்ல.

கோல் கணக்கு? 2019 இல் போலந்தின் லூப்ளின் நகரில், 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் நோர்வே 12-0 என்று ஹொண்டுராஸை வென்றது. எர்லிங் ஹாலண்ட் மட்டும் 9 கோல். தொடரில் அதிக கோல் அடித்தவரும் அவரே, அத்தனையும் அந்த ஒரே ஆட்டத்தில். மற்ற இரண்டு ஆட்டத்திலும் தோற்ற நோர்வே முதற்சுற்றோடு வீட்டுக்குப் போனது. ஹாலண்ட் பிறகு உலகப் புகழ் பெற்ற கோலடிப்பவர் ஆனது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 2007 இல் 17 வயதுப் பிரிவு உலகக் கிண்ணத்தில் 7 கோல் அடித்து முதலிடம் பிடித்த நைஜீரியாவின் மக்காலி கிறிசாந்தஸை எத்தனை பேருக்கு ஞாபகம்? அதே தொடரின் சிறந்த வீரர், பிறகு உலகப் புகழ் பெற்ற ஜேர்மனிய நடுக்கள வீரர் டோனி க்ரூஸ். வேகத்தால் யாரையும் மிரட்டாத, எப்போதும் முன்கூட்டியே பார்த்துவைத்திருக்கிற ஆள்.

சறுக்கிய பிறகு வரும் ஐந்து விநாடியும் ஒரு பரீட்சை. பந்தைப் பறிகொடுத்தவன் கையை விரித்து நடுவரைப் பார்க்கிறானா, திரும்பி ஓடுகிறானா என்று பாருங்கள். அணிகளுக்கும் இது பொருந்தும். 2017 இல் கொல்கத்தாவில் நடந்த 17 வயதுப் பிரிவு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸ்பெயினிடம் 0-2 என்று பின்தங்கிய இங்கிலாந்து, 5-2 என்று வென்றது. ஃபில் ஃபோடன் இரண்டு கோல் அடித்தார், தொடரின் சிறந்த வீரரும் அவரே.

"அவனுக்கு 17 இல்லை, 22" என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்லுவார். 17 வயதுப் பிரிவு உலகக் கிண்ணத்தில் 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள். அங்கே முன்கையின் ஆரை எலும்பில் உள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் குருத்துப் பகுதி) முழுவதும் ஒட்டியிருந்தால் 17 வயதுக்கு உட்பட்டவனாக இருப்பது மிக அரிது. ஒட்டாமலிருந்தால் வயது குறைவென்று அது நிரூபிக்காது. ஆகவே மீசையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், பந்தயமும் கட்ட வேண்டாம்.

தேசிய இளையோர் அணிகள் சில நாள் கூடிப் பயிற்சி எடுத்துவிட்டு ஆடுபவை. கழகத்தில் நடுக்களத்தில் ஆடுகிறவனை இங்கே ஆளில்லாத குறைக்கு இடப்பக்கப் பின்களத்தில் நிறுத்துவார்கள். நட்புறவு ஆட்டமென்றால் எல்லாருக்கும் நேரம் கொடுக்க வேண்டும், அதனால் 60 ஆவது நிமிடத்தில் வெளியே எடுக்கப்பட்டவன் மோசமாக ஆடினான் என்று அர்த்தமில்லை. போட்டித் தொடரென்றால் மூன்று நாளுக்கு ஒருதரம் ஆட்டம். மூன்றாவது ஆட்டத்தில் கால் கனக்கும், முதல் தொடுகை கெடும். அந்தக் களைப்பிலும் தோளுக்கு மேலால் பார்ப்பதை விடாதவனுக்கு என்னிடம் கூடுதல் புள்ளி. சீருடையையும் நிரந்தரம் என்று நம்பிவிடாதீர்கள். ஜமால் முசியாலா இங்கிலாந்தின் இளையோர் அணிகளில் ஆடிவிட்டு 2021 இல் ஜேர்மனியின் முதிர்ந்தோர் அணிக்குப் போனார்.

தாளில் திகதி, எதிரணி, அவன் ஆடிய இடம், அன்றைய உயரம் தெரிந்தால் அதையும் எழுதி மடித்து வையுங்கள். ஒன்றரை வருடம் கழித்து அதே பையனை மறுபடி பார்க்கக் கிடைத்தால் முதலில் இன்னொரு பத்துப் பந்து எண்ணுங்கள், பழைய தாளை அதற்குப் பிறகு பிரியுங்கள். முன்கூட்டியே பிரித்தால், தாளில் எழுதியிருப்பதைத்தான் மைதானத்திலும் காண்பீர்கள்.