வரமாட்டான்

மே 4
அப்பாவுக்கு வலது கையில் அசைவில்லை. பேச்சும் போய்விட்டது. மூளையின் இடப்பக்கம் அடைப்பு என்கிறார்கள்.

மே 5
தூக்கமில்லை.

மே 6
ராத்திரி முழுக்க வராண்டாவில் போனை நோண்டினேன். நடிகர்கள் படப்பிடிப்பில் தாங்களாக எடுத்துவிட்ட வசனங்கள். 'டாக்ஸி டிரைவர்' (1976) ஸ்கிரிப்டில் ஹீரோ கண்ணாடி முன்னால் தனக்குத்தானே பேசுகிறான் என்பதோடு சரி, "என்கிட்டயா பேசறே?" டி நீரோவின் சொந்தச் சரக்கு. 'ஜாஸ்' படத்தில் (1975) சுறாவைப் பார்த்து வெலவெலத்து, இதைவிடப் பெரிய படகு வேணும் என்பாரே ராய் ஷைடர், அதுவும் எழுதாதது. அப்பா இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

இருக்கிறாரே. என்ன எழுத்து இது.

மே 8
பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். ஒன்று, இரண்டு என்று எடுத்துக்கொடுத்தாள். அப்பா பத்து வரை பிசகாமல் சொன்னார். டம்ளரைக் காட்டி என்ன வேணும் என்றால் வாய் கோணுகிறது, 'தண்ணி' வரவில்லை. மனப்பாடமானது வேறு வழியாக வந்துவிடுமாம். சொந்தப் பேச்சுக்குத்தான் நாளாகும்.

மே 9
விடிகாலை 3 மணி. "வரமாட்டான்... அவன் வரமாட்டான்..."

தருமி! இடது கையை நாகேஷ் மாதிரியே உதறுகிறார். சிரித்துவிட்டேன். அம்மா அழுதாள். "உங்கண்ணனைத்தான் சொல்றாரு கண்ணு."

மே 10
'திருவிளையாடல்' (1965) படத்தில் தருமியின் அந்தப் புலம்பலை நாகேஷ் செட்டிலேயே இட்டுக்கட்டினார். டைரக்டர் ஏ.பி.நாகராஜன் அப்படியே வைத்துக்கொண்டார். அப்பா தியேட்டர் ஆபரேட்டர். புரொஜெக்டரில் கார்பன் குச்சியைத் தள்ளிவிட்டுக்கொண்டே, கேபின் ஸ்பீக்கரில் நாலு காட்சியும் கேட்டவர். படம் எத்தனை முறை திரும்ப வந்தாலும் கேட்டவர். நாகேஷுக்குத் திடீரென்று வந்தது அப்பாவுக்கு ஒன்று இரண்டு மாதிரி ஆகிவிட்டது. அப்படியென்றால் அது வெறும் மனப்பாடம்தான், அந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்வாள்.

ஆனால் அவருக்குத் தெரிந்த ஆயிரம் வசனத்தில் அது ஏன்? அன்றைக்கு ராத்திரி அண்ணன் துபாயிலிருந்து பேசினான். லீவு இல்லையாம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான்தான் போட்டேன்.

மே 11
அம்மா இரண்டு தட்டுவடை செட் சாப்பிட்டாள். அதுவே பெரிது.

மே 12
துணி எடுக்க வீட்டுக்குப் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் பழைய முகப்பு. யாரோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் முதலாளி டி.ஆர்.சுந்தரத்தின் கண்டிப்புக்கு, உள்ளே தாளில் இல்லாத ஒரு வார்த்தையை யாராவது பேசியிருப்பார்களா? ஏற்காடு மலையில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.

மே 13
கேட்டே விட்டேன். "யாருப்பா வரமாட்டான்?"
என்னையே பார்த்தார். ரொம்ப நேரம் முயன்றார்.
"பத்து" என்றார்.

மே 14
அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டான். 20ஆம் தேதி. அம்மா அப்பாவின் காதோரம் குனிந்து சொன்னாள்.

"வரமாட்டான்."

இடது கை போர்வை மேலேயே கிடந்தது.