மந்திரம் தெரிந்த ரொட்டிக்காரி: ஒரு துப்பறியும் நாவலின் நாட்குறிப்பு

ஜூன் 2

இன்று நாவலின் முதல் அத்தியாயம் ஒரு வடிவத்துக்கு வந்தது. வாசகர்கள் ‘கோஸி மிஸ்டரி’ என்று அழைக்கும் வகையைச் சேர்ந்த கதை இது. கொலை நடக்கும், ஆனால் ரத்தமும் வன்முறையும் நம் கண்ணெதிரே நிகழா. துப்புத் துலக்குபவர் காவல்துறையைச் சேர்ந்தவராக இல்லாமல், தனக்கென ஒரு தொழில் உள்ள சாதாரண மனிதராக இருப்பார். ஒருவரையொருவர் நன்கறிந்த சிறிய ஊர் ஒன்றில் குலைந்துபோன ஒழுங்கு கடைசியில் மீண்டு வரும். என் நாயகி அடுமனை நடத்துபவள். ஊர் உறங்கும் நேரத்தில் அவள் மட்டும் விழித்திருக்கிறாள். விடிந்ததும் ஊரே அவள் கடை வாசலில் நிற்கிறது. தினமும் இரண்டு ரொட்டி வாங்குபவர் இன்று ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார் என்பது அவள் கண்ணில்தான் முதலில் படும். துப்பறிவதற்கு இதைவிடப் பொருத்தமான தொழில் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவளுக்கு மந்திரமும் தெரியும், அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் இப்போது என் கவலையெல்லாம்.

ஜூன் 4

ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் அவ்வகைக் கதைகளுக்கு 1929இல் வகுத்த பத்து விதிகளை மீண்டும் படித்தேன். துப்பறியும் கதையில் இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றல்களுக்கு இடமே இல்லை என்கிறது இரண்டாவது விதி. நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பதை நினைக்கும்போது அந்த விதியின் மீது எனக்கு மரியாதை கூடுகிறது. அடுத்த ஆண்டு லண்டனில் உருவான, துப்பறியும் கதை எழுத்தாளர்களின் சங்கமான ‘டிடெக்‌ஷன் கிளப்’பின் உறுப்பினர்களும், தங்கள் துப்பறிவாளர்கள் தெய்வ வாக்கையோ மாய வித்தையையோ நம்பாமல் சொந்த அறிவைக் கொண்டே குற்றத்தைக் கண்டுபிடிப்பார்கள் என்று உறுதிமொழி எடுத்தார்கள். அவர்கள் அஞ்சியது நியாயமே. துப்பறிபவருக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் மேல்தான் இவ்வகைக் கதை நிற்கிறது. நாயகி கண்ணை மூடிக் கொலையாளியின் முகத்தைப் பார்த்துவிட்டால், வாசகர் இருநூறு பக்கம் யோசித்ததெல்லாம் வீண்தான்.

மந்திரத்தைக் கைவிட எனக்கு மனமில்லை. ஆனால் குற்றவாளியைப் பிடிப்பது மந்திரமாக இருக்கக் கூடாது என்பதில் இன்று உறுதிக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 9

மந்திரத்தின் எல்லை முடிவாகிவிட்டது. அவள் மாவைப் பிசையும்போது, அந்த மாவைக் கடைசியாகத் தொட்டவரின் மனநிலை அவள் கைகளில் ஏறும். பயமா, துக்கமா, வெட்கமா என்பது மட்டுமே தெரியும். யார், ஏன் என்பது தெரியாது. கை படாமல் எதுவுமே தெரியாது. இரண்டாவது அத்தியாயத்திலேயே இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடப் போகிறேன்.

இந்த எல்லைதான் கதைக்கு உயிர் தருகிறது என்று நம்புகிறேன். கொலை செய்தவனும் பயப்படுவான், கொலையைப் பார்த்துவிட்டு வாய் திறக்க முடியாதவளும் பயப்படுவாள். ஆகவே நாயகி உணர்வது பொய்யாகாமலேயே அவளை முதலில் ஒரு நிரபராதியிடம் கொண்டுபோய் நிறுத்தும்.

ஜூன் 10

விஷம் வேண்டாம். 1858இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில், மலிவான கலப்படத் தூள் என்று தவறாக எண்ணி ஆர்சனிக் சேர்த்துச் செய்யப்பட்ட மிட்டாய்களைத் தின்று சுமார் 20 பேர் இறந்தார்கள். அதைப் படித்த பிறகு ரொட்டியில் விஷம் வைக்க என் கை வரவில்லை. தவிர, அவள் ரொட்டியின் மேல் ஊர் வைத்திருக்கும் நம்பிக்கை உடைந்தால் இந்தக் கதையின் இதமும் போய்விடும். மாவு ஆலை உரிமையாளர் தலையில் அடிபட்டு இறக்கட்டும்.

ஜூன் 15

தடயம் கிடைத்துவிட்டது! மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் சேர்த்து, மேலோடு மொறுமொறுப்பாகச் சுட்ட ரொட்டி, ஓவனைவிட்டு வெளியே வந்ததும் படபடவென்று மெல்லிய ஒலி எழுப்பும். சூட்டில் காய்ந்து விறைத்த மேலோடு, ஆறும்போது சுருங்குவதால் விரிசல் விடுகிறது. அந்த ஒலிதான் அது. இன்று சுட்டு எடுத்த ரொட்டியின் அருகே காதை வைத்துக் கேட்டேன். முதலில் அடைமழைபோல் விடாமல் கேட்டது, பிறகு விட்டுவிட்டு ஒன்றிரண்டு, அதன்பின் ஒன்றுமில்லை. மேலோட்டில் நகக்கண் அகலத்துக்குச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடிப்பு ஓடியிருந்தது. பாலும் வெண்ணெயும் சேர்த்த மென்மையான ரொட்டியில் இப்படி நேர்வதில்லை.

கொலை நாலே காலுக்கு நடக்கிறது. நாயகியிடம் முன்பு தொழில் பழகி, இப்போது தனிக்கடை வைத்திருப்பவன், நான்கு மணிக்கு ரொட்டியை ஓவனில் வைத்து நாலே முக்காலுக்கு எடுத்ததாகவும், இடையில் ஓவனைவிட்டு நகரவே இல்லை என்றும் சொல்கிறான். ஐந்தே காலுக்கு அவள் அவன் கடைக்குள் நுழையும்போது அடுக்கிலிருக்கும் ரொட்டிகள் படபடக்கின்றன. அப்படியானால் அவை அப்போதுதான் வெளியே வந்திருக்கின்றன. நாலரைக்குத்தான் உள்ளே போயிருக்கின்றன. நான்கு மணிக்கும் நாலரைக்கும் இடையில் அவன் எங்கே இருந்தான்?

ஜூன் 17

அந்தக் காட்சியை எழுதினேன். “ரொட்டிகள் என்னிடம் ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது” என்று நாயகி நினைக்கிறாள். மந்திரக் கதை என்பதால் வாசகர் இதையும் மந்திரம் என்றே எண்ணிக் கடந்துபோவார். ஆனால் அவள் அந்த ரொட்டிகளைத் தொடவே இல்லை. இரண்டாவது அத்தியாயத்தை நினைவில் வைத்திருப்பவர் இங்கே நின்று யோசிப்பார். நாக்ஸ் விலக்கி வைத்த மந்திரமே தடயத்தை மறைக்கும் திரையாக நிற்கிறது, ஒப்பந்தத்திலும் ஒரு வரி மீறப்படவில்லை. எழுதி முடித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

ஜூன் 23

அடுமனையை வைத்து எழுதப்படும் இத்தகைய நாவல்களின் பின்பக்கங்களில் செய்முறைக் குறிப்புகள் தருவது வழக்கம். பலர் அதை அலங்காரமாகவே சேர்க்கிறார்கள். என் நாவலில் ஒரே ஒரு குறிப்பு இருக்கும்: கொலையாளி அன்று சுட்ட அதே ரொட்டி. பால் இல்லை, வெண்ணெய் இல்லை. ஓவனில் முதல் சில நிமிடங்கள் நீராவி, பிறகு மேலோடு நன்றாகச் சிவக்கும்வரை உலர்ந்த சூடு. தீர்ப்பை ஏற்க மறுக்கும் வாசகர் அதைத் தாமே சுட்டு, கையில் கடிகாரத்துடன் ஒலியைக் கேட்டுப் பார்க்கலாம். நாளை அந்தக் குறிப்பின் அளவுகளைச் சரிபார்க்க வேண்டும்.