தராசுக் கணினிக்கும் கேர்னலுக்கும் நடுவில்: நாட்குறிப்பு

பெப்ரவரி 18, 2025

காலபோக அறுவடை நேரம். பரந்தன் பக்கத்து அரிசி ஆலையில் விடியமுதலே உழவு மெசின்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மூட்டை தராசில் ஏறும், கணினி எடையைப் பதியும், துண்டு வரும். போன கிழமை ஒரு விவசாயி துண்டோடு வந்திருக்கிறார், கணினியில் அவருடைய பதிவு இல்லை. முதலாளி துண்டைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டார். "துண்டு அடிச்சால் பதிஞ்சது எண்டுதானே தம்பி அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று டிஸ்க் நிரம்பி, பழைய கமரா பதிவுகளை அழித்த பிறகுதான் கணினி ஒழுங்காக ஓடியது என்று கணக்குப்பிள்ளை சொன்னார். எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

எடை பதியும் புரோகிராமின் மூலநிரல் ஆலையில் இல்லை. ஓடுவது உபுண்டு லினக்ஸ். அது போதும்.

பெப்ரவரி 19

எந்தப் புரோகிராமும் தானாக டிஸ்கைத் தொட முடியாது. கோப்பைத் திறக்க, எழுத, பிரிண்டருக்கு அனுப்ப, எல்லாவற்றுக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலிடம் கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் சிஸ்டம் கோல். அதைப் பார்த்தால் உள்ளே நடப்பதில் பாதி தெரிந்துவிடும்.

சிஸ்டம் கோல்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் என்ற கருவியை ஓடிக்கொண்டிருந்த புரோகிராமில் ஒட்டப் போனேன், அனுமதி இல்லை என்று வந்தது. உபுண்டுவில் 10.10 பதிப்பிலிருந்தே இந்தக் கட்டுப்பாடு உண்டு: சாதாரணப் பயனர் ஓட்டும் கருவி, தானே தொடங்கிவைத்த புரோகிராமைத்தான் பின்தொடரலாம். நல்ல கட்டுப்பாடு. இல்லையென்றால் ஒரு புரோகிராம் மற்றதின் கடவுச்சொல்லை நினைவகத்திலிருந்து சுலபமாக எடுத்துவிடும். நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவைப் போட்டதும் ஒட்டியது.

துண்டில் நேரம் அச்சாகிறது, ஆனால் நேரம் கேட்கும் சிஸ்டம் கோல் ஒன்றையும் காணவில்லை. காரணம் உண்டு. நேரத்தைக் கேட்பது போன்ற ஒருசில வேலைகளுக்கு லினக்ஸ் விடிஎஸ்ஓ என்ற சிறு பகுதியைப் புரோகிராமின் நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. கேர்னலுக்குள் போகாமலே பதில் கிடைக்கும், அதனால் எஸ்ட்ரேஸின் கண்ணில் படாது.

பெப்ரவரி 20

புரோகிராமை என் மடிகணினிக்குப் பிரதி எடுத்து வந்தேன். டிஸ்கை உண்மையாகவே நிரப்பிப் பார்க்கலாம், ஆனால் அப்போது மற்றப் புரோகிராம்களும் தடுமாறும், எது எதால் வந்தது என்று தெரியாது. எனக்கு அந்த ஒரு கோப்பில் எழுதுவது மட்டும் தோற்க வேண்டும். துண்டு போகும் வழி திறந்திருக்க வேண்டும்.

அதற்குச் சீ மொழியில் சின்னதாக ஒரு கருவி எழுதினேன். அடித்தளம் பிட்ரேஸ், ஒரு புரோகிராம் மற்றதை நிறுத்திப் பார்க்க லினக்ஸ் தரும் வசதி. பிழை தேடும் கருவியான ஜிடிபி, எஸ்ட்ரேஸ் இரண்டும் லினக்ஸில் நிற்பது இதன் மேல்தான். பின்தொடரப்படும் புரோகிராம் ஒவ்வொரு சிஸ்டம் கோலிலும் இரண்டு தரம் நிறுத்தப்படும்: கேர்னலுக்குள் நுழையும்போது ஒன்று, பதிலோடு திரும்பும்போது மற்றது. ஒவ்வொரு தரமும் அது உறங்கும், வெயிட்பிட் என்ற கோலில் காத்திருக்கும் என் கருவி விழிக்கும், புரொசசரின் சிற்றறைகளான ரெஜிஸ்டர்களை வாசிக்கும், வேண்டியதை மாற்றி மேலே போக விடும்.

64 பிட் இன்டெல் கணினியில் கோலின் எண் ஆர்ஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் வரும். எழுதும் ரைட் என்றால் 1, கோப்பைத் திறக்கும் ஓப்பன்அட் என்றால் 257. முதல் மூன்று தரவுகள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸில். நிறுத்திய பிறகு எண்ணைத் தேட வேண்டிய இடம் ஒரிக்-ஆர்ஏஎக்ஸ், ஏனென்றால் நுழையும் நேரத்தில் ஆர்ஏஎக்ஸில் கேர்னல் -38 ஐ, அதாவது அப்படி ஒரு கோல் இல்லை என்ற பிழையை, வைத்துவிடும். இது தெரியாவிட்டால் ஒவ்வொரு கோலும் நுழையும்போதே தோற்றதுபோலத் தெரியும்.

பெப்ரவரி 22

ஓப்பன்அட் திரும்பும்போது அது பதிவுக் கோப்புக்கான எண்ணைக் கொடுத்தால் கருவி குறித்துக்கொள்ளும். பிறகு ரைட் நுழையும்போது ஆர்டிஐயில் அதே எண் இருந்தால் ஒரிக்-ஆர்ஏஎக்ஸை -1 ஆக்கும். அப்படி ஒரு கோல் கேர்னலில் இல்லை, அதனால் எதுவும் எழுதப்படாது. திரும்பும்போது ஆர்ஏஎக்ஸில் -28 ஐ வைக்கும். டிஸ்கில் இடமில்லை என்பதற்கு லினக்ஸின் பிழை எண் 28. புரோகிராமின் பார்வையில் இது கேர்னல் சொன்ன பதில்தான், வேறுபாடு காண வழியில்லை.

ஓட்டினேன். ஒரு மூட்டை, 62 கிலோ என்று கொடுத்தேன். பதிவுக் கோப்பில் ஒரு எழுத்தும் ஏறவில்லை. திரையில் "சேமிக்கப்பட்டது". அடுத்த நொடி துண்டுக்கான ரைட் ஓடியது. பதில் என்ன என்று புரோகிராம் பார்க்கவே இல்லை.

இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. நான்கு மாதம் வயலில் நின்றவரின் நெல் அது. ஆலை முதலாளி நேர்மையானவர் என்பதால் காசு கிடைத்தது. பதிவு இல்லை என்று அனுப்பியிருந்தால் அந்த மனிதர் யாரிடம் போவார்?

கருவி பார்த்த கோல்களின் பதிவை அப்படியே புரோகிராம் செய்தவருக்கு அனுப்பினேன். மூலநிரலை ஊகித்து வாதாடத் தேவையில்லை, வரிக்கு வரி எல்லாம் அதில் இருக்கிறது.

மார்ச் 1

புதிய பதிப்பு வந்தது. அதே -28 ஐக் கொடுத்தேன். திரையில் சிவப்பில் பிழை, துண்டு அடிக்கவில்லை. சரி.

அப்புறம் இன்னொன்று. கேர்னல் முழுவதையும் மறுக்காமல், கேட்டதில் கொஞ்சத்தை மட்டும் எழுதித் திரும்பலாம், அதற்கு அந்த உரிமை உண்டு. இந்த முறை கோலைத் தடுக்கவில்லை, நுழையும்போது ஆர்டிஎக்ஸில் இருந்த நீளத்தை 20 ஆகக் குறைத்தேன். கேர்னல் உண்மையாகவே 20 பைட் எழுதி 20 என்று சொன்னது. திரும்பும்போது ஆர்டிஎக்ஸில் பழைய எண்ணைத் திருப்பி வைத்தேன். சிஸ்டம் கோல் அந்த ரெஜிஸ்டரை மாற்றாது என்று புரோகிராம் நம்பியிருக்கும்.

கோப்பில் விவசாயியின் பெயர் விழுந்தது, எடை விழவில்லை. துண்டு அடித்தது.

மார்ச் 4

திருத்தம் வந்தது. இப்போது மிச்சத்தையும் எழுதி முடிக்கும் வரை ரைட்டைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது, பிறகு எழுதியதை டிஸ்கில் சேர்க்கச் சொல்லும் எஃப்சிங்க், அதற்குப் பிறகுதான் துண்டு. எஃப்சிங்கில், வாசிக்கவோ எழுதவோ முடியவில்லை என்ற பிழையான -5 ஐக் கொடுத்துப் பார்த்தேன், டிஸ்க் பழுது என்று நின்றது. மாலையில் ஆலைக் கணினியில் ஏற்றினோம். கருவியை அங்கே வைக்கவில்லை, கோலுக்கு இரண்டு நிறுத்தம் என்பது வேலை நேரத்தில் தாங்காது. கமரா பதிவுகளை வேறு டிஸ்குக்கு மாற்றச் சொன்னேன், முதலாளி நாளைக்கே வாங்குகிறாராம்.