ஊசிக் காதும் அம்மாவின் கையும்

நேற்று இரவு சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோப்பதில் ஏழு முறை தோற்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான்! வயது 56. குற்றம் கண்ணில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நூல் ஊசிக் காதருகே வந்ததும் கை தயங்குகிறது.

இளம் வயதில் ஒரு பொருளை எடுக்க நீளும் கை, முதல் வீச்சிலேயே பெரும்பகுதித் தூரத்தைக் கடந்துவிடும். வயது ஏற ஏற அந்த வீச்சு குறுகி, கடைசி அங்குலங்களில் சின்னச் சின்னத் திருத்தங்கள் கூடிவிடுகின்றன. கை எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்லும் சேதியும் மங்குகிறது. அதனால் கண்ணையே நம்ப வேண்டியிருக்கிறது. இலக்கு சிறுத்தால் நேரம் கூடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே சூத்திரமாக எழுதிவைத்தார். ஊசிக் காதைவிடச் சிறிய இலக்கு வீட்டில் வேறென்ன இருக்கிறது?

அம்மாவுக்கு 81. காபி டம்ளரைத் தளும்பாமல் கீழே வைக்க ஒரு யுகம் எடுத்துக்கொள்கிறார். ஆனால் மல்லிகையும் நாரும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு கையும் வெவ்வேறு வேலை செய்ய, குனிந்துகூடப் பார்க்காமல், தொலைக்காட்சித் தொடரின் மாமியாரைத் திட்டியபடியே இரண்டு முழம் கட்டிவிடுகிறார். எழுபது ஆண்டுப் பழக்கம் அல்லவா! போன வருடம் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில்தான் விரல் ஒவ்வொரு முறையும் பக்கத்துப் படத்தில் போய் விழுகிறது.

எட்டாவது முறை நூல் நுழைந்தது. காலையில் பார்த்தால் பொத்தானைச் சட்டையின் உட்பக்கம் தைத்திருக்கிறேன்.