காவடி நேரம் மாறியது, போன்களில் மாறவில்லை

எங்கள் ஊர்க் கோவில் வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே மொரீஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. பத்து நாள் விரதம் இருப்பவர்கள்கூட நேரம் பார்ப்பது இப்போது போனில்தான். காவடி புறப்பாடு 8 மணியிலிருந்து 6:30க்கு மாறியதும், நிகழ்ச்சி நிரல் படத்தைத் திருத்தி அதே பெயரில் ஏற்றினேன். அதே பெயரில் ஏற்றியதுதான் வினை.

மறுநாள் செயலாளர் கூப்பிட்டார். “என்ன தம்பி, ரோஸ்ஹில்லிலிருந்து ஒரே போன். இன்னும் 8 மணி என்றுதான் காட்டுதாம்.” நான் லேப்டாப்பில் கன்ட்ரோல்-எஃப்5 அடித்து, சேமித்ததை விட்டுவிட்டுப் புதிதாக வரவழைத்துப் பார்த்திருந்ததால் எனக்கு மட்டும் 6:30!

வெப்சைட்டுக்கு சர்வரில் இடம் கொடுக்கும் ஹோஸ்டிங்காரர்கள் இரண்டு மணி நேரம் காக்க வைத்து, “கேஷைக் கிளியர் செய்துவிட்டோம்” என்றார்கள். கேஷ் என்றால் மறுபடி மறுபடி வாங்காமலிருக்க எடுத்து வைக்கும் நகல். அவர்கள் அழித்தது அவர்கள் சர்வரில் இருந்த கேஷ். ஜனங்களின் போனில் உட்கார்ந்திருப்பதை அங்கிருந்து தொடவே முடியாது. அப்புறம், ஒவ்வொருவரையும் பிரவுசர் செட்டிங்ஸில் போய் அழிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். பால்குடம் எடுக்கும் பாட்டிகளிடம் இதைச் சொல்லச் சொல்கிறார்கள்.

படத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்பான ஹெடரைப் பார்த்தேன். நகலை எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்ற கெடு அதில் இருக்கும்: மேக்ஸ்-ஏஜ்=31536000. விநாடிக் கணக்கில் 365 நாள். அடுத்த தைப்பூசம் நெருங்கும்வரை போன் சர்வரிடம் ஒரு வார்த்தை கேட்காது. வைத்தது யார்? நானேதான். வேகம் அளக்கும் கருவி குறை சொன்னதென்று, போன வருஷம் எங்கிருந்தோ எடுத்து எச்டிஅக்சஸ் என்ற சர்வர் அமைப்புக் கோப்பில் ஒட்டியிருந்தேன்.

இப்போது அதைக் குறைத்தும் பயனில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்த போன் பழைய கெடுவைத்தான் மதிக்கும். பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டாலும் குரோமில் பக்கம்தான் புதிதாக வரும், படம் பழையதே. ஆகவே படத்துக்கு வேறு பெயர் வைத்துப் பக்கத்தில் மாற்றினேன். பக்கத்துக்கும் ஒரு நாள் கெடு வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. சரி என்று, முகவரியின் கடைசியில் ‘?வி=2’ சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பிரவுசருக்கு அது புது முகவரி. பத்து நிமிடத்தில் போன்கள் அடங்கின.

இப்போது பக்கத்துக்கு ‘நோ-கேஷ்’. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சேமித்து வைக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டுக்கொள்ளும். மாறவில்லையென்றால் 304 என்று சின்ன பதில், அவ்வளவுதான். சேமிக்கவே கூடாதென்றால் அதற்கு ‘நோ-ஸ்டோர்’. படங்களுக்கு ஒரு வருஷக் கெடு அப்படியே இருக்கிறது, ஆனால் திருத்தினால் பெயரும் மாறும். கோப்புப் பெயரிலேயே தேதி போடுகிறேன்.

அன்றைக்கு ஒரு மாமா மட்டும் 8 மணிக்கு வந்தார். கையில் பழைய நிரலின் பிரின்ட் அவுட்.