மாதச் சந்தாவும் மணிக்கணக்கும்: இணைய விளையாட்டுகள் இனி எப்படிக் காசு கேட்கும்?

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு 2004 நவம்பரில் வெளிவந்தபோது அதன் மாதச் சந்தா அமெரிக்காவில் 14.99 டொலர். இன்றும் அங்கே அதே 14.99 டொலர்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக விலை ஏறாத பொருள் என்று அமெரிக்கர் ஒருவர் அதைப் புகழலாம். யாழ்ப்பாணத்திலிருந்து காசு கட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு வேறு. 2004 இல் ஏறத்தாழ 1,500 ரூபாயாக இருந்த அந்தத் தொகை, 2022 இல் டொலர் 360 ரூபாயை எட்டியபோது 5,000 ரூபாயைத் தாண்டியது. டொலர் 300 ரூபாயைச் சுற்றி நின்றால் 4,500 ரூபாய் வருகிறது. நிறுவனம் ஒரு சதமும் கூட்டவில்லை, எங்களுக்கு விலை மும்மடங்காகிவிட்டது. பலர் சேர்ந்து விளையாடும் இணைய விளையாட்டுகளின் எதிர்காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், சந்தா முறை செத்துவிட்டதா, விளையாட இலவசம், உள்ளே விற்கும் பொருளுக்குத்தான் காசு என்ற இலவச முறை வென்றுவிட்டதா என்ற கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, காசு எந்த அலகில் கேட்கப்படுகிறது என்பதுதான்: மாதமா, வாரமா, மணித்தியாலமா என்பதும், கட்டுவதை நிறுத்திய பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதும்.

சந்தா முறை பேராசையால் பிறந்ததல்ல. 1997 இல் அல்டிமா ஒன்லைன் மாதம் 9.95 டொலர் கேட்டபோது அதற்குத் தெளிவான நியாயம் இருந்தது. கடையில் வாங்கிய இறுவட்டு ஒருவருடைய கணினியில் ஓடி முடிந்துவிடும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நடமாடும் உலகத்தை யாரோ ஒருவர் இரவு பகலாக ஓடவைத்துக்கொண்டிருக்க வேண்டும். சேவர் (விளையாட்டை ஓடவைக்கும் மையக் கணினி), இணைப்பு, பிழை திருத்துவோர், ஏமாற்றுக்காரரைப் பிடிப்போர் என்று செலவு மாதாமாதம் வந்தது. வரவும் மாதாமாதம் வர வேண்டியிருந்தது. 1999 இல் எவர்குவெஸ்ட் அதே வழியில் போனது. வோர்கிராஃப்ட் 2010 ஒக்டோபரில் 12 மில்லியன் சந்தாதாரர்களை எட்டியபோது, இனி எல்லா விளையாட்டும் இப்படித்தான் என்று தொழில் முழுவதும் நம்பியது.

நம்பிக்கை நீடிக்கவில்லை. 2011 டிசெம்பரில் சந்தாவோடு வந்த ஸ்டார் வோர்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் ஒரு வருடத்துக்குள், 2012 நவம்பரில், இலவசக் கதவைத் திறந்தது. 2014 இல் வந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைன் அடுத்த ஆண்டே கட்டாயச் சந்தாவைக் கைவிட்டது. அதே 2014 இல் வந்த வைல்ட்ஸ்டார் 2015 இல் இலவசமாகி, 2018 இல் மூடப்பட்டே போயிற்று. இவை எல்லாம் மோசமான விளையாட்டுகள் அல்ல. இரண்டு திரைப்படங்களை ஒருவர் ஒரே வாரத்தில் பார்க்கலாம். ஆனால் மாலை நேரம் முழுவதையும் கேட்கிற இரண்டு இணைய உலகங்களில் ஒருவர் வாழ முடியாது. நண்பர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் அவருடைய ஒரே சந்தா போகும். இரண்டாவதாக வந்தவன் வாசலிலேயே காசு கேட்டால் உள்ளே எவரும் வரமாட்டார்கள்.

இலவச முறை அந்த வாசலைத்தான் அகற்றியது. அதன் கணக்கு எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் கணக்கைப் போன்றது: உறுப்பினர் சிலர் சந்தா கட்டுகிறார்கள், கரம் பலகையும் பத்திரிகையும் வருகிறவர் எல்லோருக்கும் கிடைக்கின்றன. வேறுபாடு என்னவென்றால், வாசிகசாலை மேசையில் பத்திரிகை படிக்க வருகிறவரைப் பார்த்து, நீ கட்டாதவன் என்று எந்த வாங்கும் நினைவூட்டுவதில்லை. விளையாட்டுகள் அதை நாள் முழுவதும் செய்கின்றன. காசு கொடுத்தவனுடைய உடுப்பு மின்னுகிறது, கொடுக்காதவன் தொடக்க நிலைச் சட்டையோடு நிற்கிறான். காசு கட்டுகிற சிறுபங்கினரிடமிருந்து எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவும் கறந்தாக வேண்டும் என்ற நெருக்கடி அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018 இல் தீர்மானித்ததற்கும், ஃபோர்ட்நைட் என்ற இலவச விளையாட்டில் ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலே கொள்வனவாகிவிடுகிறது என்ற முறைப்பாட்டில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அதன் உரிமையாளரான எபிக் நிறுவனத்திடமிருந்து 245 மில்லியன் டொலரை விளையாடுவோருக்குத் திருப்பிக் கொடுக்க வைத்ததற்கும் காரணம் அந்த நெருக்கடிதான்.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சந்தை எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கப் பல்கலைக்கழகத்தை அண்டிய திருநெல்வேலிப் பக்கம் ஒரு தொலைபேசிக் கடையில் கால் மணித்தியாலம் நின்றால் போதும். பாடசாலைச் சட்டையோடு ஒரு பெடியன் வருகிறான். கொப்பியின் பின்னட்டையில் ஃப்ரீ ஃபயர் என்ற போன் விளையாட்டின் கணக்கு இலக்கம் எழுதியிருக்கிறது. "அண்ணை, நூறு டயமண்ட் போடுங்கோ" என்கிறான். டயமண்ட் என்பது அந்த விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயம். கடைக்காரர் இலக்கத்தைத் தட்டுகிறார். திரையில் நட்சத்திரக் குறிகளோடு ஒரு பெயர் வருகிறது. "இதுதானே தம்பி உம்மடை பேர்? வடிவாப் பாரும், பிறகு மாத்தேலாது" என்கிறார். பெடியன் எட்டிப் பார்த்துத் தலையாட்டுகிறான், காசு கைமாறுகிறது, அவனுடைய போன் அதே கணத்தில் அதிர்கிறது. கடனட்டையும் இல்லை, டொலரும் இல்லை, தகப்பனுடைய கையொப்பமும் இல்லை. உலகப் பெரும் நிறுவனங்களின் விலைப்பட்டியலை எங்கள் ஊருக்கு ஏற்றபடி சில்லறையாக்கித் தருகிறவர் அந்தக் கடைக்காரர்தான்.

அந்தக் கடையில் அதிகம் கவனிக்க வேண்டியது டயமண்ட் அல்ல, வாராந்த மெம்பர்ஷிப். செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட சந்தா, ஏழு நாள் துண்டாக வெட்டப்பட்டு, சில நூறு ரூபாய்க்குத் திரும்பி வந்திருக்கிறது. வாங்கியவுடன் கொஞ்சம் டயமண்ட் தருவார்கள். மீதியை ஒவ்வொரு நாளும் உள்ளே வந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில்தான் சந்தாவின் பொருள் தலைகீழாகிறது. பழைய சந்தா, விரும்பிய நாளில் வரும் உரிமையை விற்றது. புதிய சந்தா, ஒவ்வொரு நாளும் வரவேண்டிய கடமையை விற்கிறது. பருவத்துக்குப் பருவம் வரும் பேட்டில் பாஸும் அதே இனம்: காசும் கட்ட வேண்டும், குறித்த நாளுக்குள் உழைத்தும் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் கட்டிய காசுக்குரிய பரிசு கிடைக்காது. உயர்தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளை உள்ள வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை. 2024 இல் வந்த ஹெல்டைவர்ஸ் 2 இதற்கு மாறாக, வாங்கிய பாஸ் காலாவதியாகாது என்று வைத்தது. எதிர்காலத்தில் நிலைக்க வேண்டிய ஏற்பாடு எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

மாதம் என்ற அலகு எங்களுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதை 2022 கற்பித்தது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. நான் அப்போது சந்தா கட்டிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டில், இருட்டில் கழிந்த அந்த நாட்கள் எல்லாம் விளையாடிய நாட்களாகவே கழிக்கப்பட்டன. ஆதரவுப் பிரிவுக்கு எழுதினேன். சேவரில் தடங்கல் இருந்தால் மட்டுமே நாள் திருப்பித் தரப்படும் என்று மிகப் பணிவான பதில் வந்தது. அவர்களுடைய சேவர் பழுதின்றி ஓடியது என்பது உண்மைதான்.

விளையாடிய நேரத்துக்கு மட்டும் காசு வாங்கும் மணிக்கணக்கில் இந்தச் சிக்கல் வராது. அது புதுமையும் அல்ல. கொரியாவின் பிசி பாங் நிலையங்களில் மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து இருந்தால், விளையாட்டு நிறுவனத்துக்குரிய பங்கை நிலையமே கட்டிவிடும். 1998 இல் வந்த லினேஜ் அந்தத் தளத்தில்தான் வளர்ந்தது. சீனாவில் வோர்கிராஃப்ட் நீண்ட காலம் மாதச் சந்தாவாக அல்ல, விளையாடிய நேரத்துக்கு மட்டும் கழியும் முற்கொடுப்பனவு அட்டையாக விற்கப்பட்டது. போர் முடிந்த பிறகு எங்கள் நகரத்து நெற் கஃபேகளில் கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடிய தலைமுறையும் மணிக்கணக்கிலேயே விளையாடியது. காசு தீர்ந்தால் எழுந்து போவோம், அவ்வளவுதான். தொலைபேசி டேட்டாவை நாளுக்கும் வாரத்துக்கும் வாங்கப் பழகிய நாட்டில், ரீலோட் காசில் வாங்கக்கூடிய பத்து மணித்தியால அட்டையை ஒரு நிறுவனம் கொண்டுவந்தால் அதற்குச் சந்தை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அவர்களுக்கு அதில் ஒரு நட்டம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: மாதச் சந்தா கட்டிவிட்டு விளையாடாமல் இருப்பவர்களிடமிருந்து வரும் காசு அதில் வராது.

காசுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. ஈவ் ஒன்லைனின் பிளெக்ஸ், 2015 இல் வந்த வோர்கிராஃப்ட் டோக்கன் ஆகியவை இப்படி வேலை செய்கின்றன: வசதியுள்ளவர், சந்தா நாட்களாக மாற்றக்கூடிய டோக்கனை டொலர் கொடுத்து வாங்கி விளையாட்டுத் தங்கத்துக்கு விற்பார், நேரமுள்ளவர் தங்கம் சேர்த்து அந்த டோக்கனை வாங்கித் தன் சந்தாவைக் கட்டுவார். ஏழை நாட்டு விளையாட்டுக்காரருக்கு இது வரப்பிரசாதம் என்று சொல்வார்கள். எனக்கு ஐயம் உண்டு. பொருளாதாரம் சரிந்த காலத்தில் வெனிசுவேலா இளைஞர்கள் ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் தங்கம் சேர்த்து விற்று வீட்டுச் செலவைப் பார்த்தார்கள். அங்கே விளையாட்டு வேலையாகிவிட்டது. சந்தாவைக் கட்டுவதற்காகவே வாரம் முழுவதும் விளையாட்டுக்குள் தாது தோண்டுகிறவர் எதற்காகச் சந்தா கட்டுகிறார் என்பதும் ஒரு கேள்வி.

பணக்கார நாடுகளில் போக்கு வேறு பக்கம். ஒரு விளையாட்டுக்கு ஒரு சந்தா என்பது தேய்ந்து, நூற்றுக்கணக்கான விளையாட்டுகளுக்கு ஒரே சந்தா என்று வந்திருக்கிறது. மைக்ரோசொஃப்ட் 2017 இல் கேம் பாஸை மாதம் 9.99 டொலருக்குத் தொடங்கியது. அதன் உயர்தரப் பிரிவு 2025 ஒக்டோபரில் 19.99 இலிருந்து 29.99 டொலருக்கு ஏறியது. முதலில் மலிவு, பழகிய பின் ஏற்றம். வோர்கிராஃப்ட்டிலோ சந்தா கட்டுகிறவர் விரிவாக்கத்தையும் (விளையாட்டோடு புதிதாகச் சேரும் பெரிய பகுதி) தனியாக வாங்குகிறார், அதற்கு மேல் 2024 இல் ஏறிச் செல்லும் விலங்கு ஒன்றை 90 டொலருக்கு விளையாட்டின் கடையில் பார்த்தார். சந்தா கட்டினால் மற்றத் தொல்லைகள் இல்லை என்பதுதான் அந்த முறைக்கு இருந்த ஒரே அறம். அதையும் விற்றுவிட்டார்கள் என்று இதை எழுதும்போது எரிச்சல் வருகிறது.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமான கேள்வி, மூடும் நாளைப் பற்றியது. யூபிசொஃப்ட் 2024 மார்ச் 31 இல் தி க்ரூ விளையாட்டின் சேவர்களை நிறுத்தியபோது, அதை முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் பிரதியும் ஓடாமற்போயிற்று. அதிலிருந்து எழுந்த இயக்கம், ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி என்ற சட்ட வழியில் 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. அவர்கள் கேட்பது சேவரை என்றென்றும் ஓட்டச் சொல்லி அல்ல. நிறுத்தும்போது விளையாட்டை ஓடக்கூடிய நிலையில் விட்டுச் செல் என்பதே. இது நடக்காத காரியமும் அல்ல. 2012 இல் மூடப்பட்ட சிட்டி ஒஃப் ஹீரோஸை இரசிகர்களே சேவர் வைத்து ஓட்டினார்கள். 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசொஃப்ட் அவர்களுக்கு முறையான அனுமதியே கொடுத்தது. நன்கொடையில் ஓடுகிற அந்தச் சேவரில் சந்தா இல்லை.

என் சொந்த ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது ஃபைனல் பான்டசி 14 என்ற சந்தா விளையாட்டின் இலவச முயற்சிக் கணக்கில் விளையாடுகிறேன். கால எல்லை கிடையாது. 70 ஆம் நிலை வரை போகலாம். இரண்டு முழு விரிவாக்கங்கள் உள்ளே அடங்கும். சந்தையில் விற்க வாங்க முடியாது, அந்த விளையாட்டின் நாணயமான கில்லை மூன்று இலட்சத்துக்கு மேல் சேர்க்க முடியாது என்ற கட்டுப்பாடுகளோடு வாழப் பழகிவிட்டேன். அதில் இருக்கும் கொடுமை ஒன்றுதான்: ஒருமுறை முழு விளையாட்டை வாங்கிச் சந்தாவுக்கு மாறினால், அந்தக் கணக்கு மீண்டும் முயற்சிக் கணக்காக இறங்காது. அடுத்த மாதம் கட்ட முடியாமற்போனால், காசே கட்டாதவன் தொடர்ந்து நடமாடுகிற அதே நகரத்துக்குள் காசு கட்டியவன் நுழைய முடியாது. சந்தா நின்றவரை 70 ஆம் நிலைக்குள்ளேயாவது இருக்கவிட்டால் அந்த நிறுவனத்துக்கு என்ன நட்டம் என்று எனக்கு விளங்கவில்லை. அதை மாற்றுகிற மாதமே காசை எண்ணி வைத்துவிட்டு நானும் சந்தாதாரன் ஆகிவிடுவேன்.